எண்ணெய் வயலில் மோட்டார் சாவி யார் கையில்? சங்கோமர் சண்டையும் சிறு பங்குதாரர்களின் கடைசி ஓட்டும்

2024 ஜூனில் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் கடலிலிருந்து முதல்முறையாகக் கச்சா எண்ணெய் வெளியே வந்தது. தலைநகர் டக்கருக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது அந்த சங்கோமர் வயல். எண்ணெயைச் சேர்த்து வைக்கும் மிதக்கும் கப்பலுக்கு நாட்டின் முதல் அதிபரும் கவிஞருமான லெயோபோல்ட் செதார் செங்கோரின் பெயர். நாளொன்றுக்கு 1 லட்சம் பேரல் எடுக்கும் திறன்.

அந்த மகிழ்ச்சியில் பங்கில்லாமல் போன ஒரு நிறுவனம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த ‘ஃபார் லிமிடெட்’. 2006-லேயே செனகல் கடலில் கால் வைத்தது. எண்ணெய் இருப்பதைக் கண்டுபிடித்த கூட்டணியிலும் இருந்தது. ஆனால் எண்ணெய் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2021-ல், தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. விற்கலாமா வேண்டாமா என்று அதன் பங்குதாரர்கள் மாதக்கணக்கில் விவாதித்தார்கள், ஓட்டும் போட்டார்கள்.

அவர்கள் சரியாகத்தான் ஓட்டுப் போட்டார்களா? இல்லை, ஓட்டுப் பெட்டி வருவதற்கு முன்பே விஷயம் முடிந்துவிட்டதா? இந்தக் கதையில் ஓஎன்ஜிசி விதேஷும் வருகிறது, ராஜஸ்தானில் எண்ணெய் கண்டுபிடித்த கெய்ர்னும் வருகிறது. அதனால் இந்திய முதலீட்டாளர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

‘ஆபரேட்டர்’ என்றால் யார்?

கிராமத்தில் நான்கு பங்காளிகளுக்கு ஒரே கிணறு இருக்கும். பத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். ஆனால் மோட்டார் ஒருவர் கொட்டகையில்தான் இருக்கும். எப்போது தூர்வாருவது, எந்த மோட்டார் வாங்குவது, யார் எவ்வளவு காசு போடுவது என்பதையெல்லாம் முதலில் சொல்வது அவர்தான். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் சாவி அவரிடம்.

ஆழ்கடல் எண்ணெய் வயலிலும் இதே ஏற்பாடுதான். ஒரு கிணறு தோண்டவே கோடிக்கணக்கான டாலர் ஆகும் என்பதால் பல நிறுவனங்கள் கூட்டுச் சேர்கின்றன. அதில் ஒன்று ஆபரேட்டர். திட்டம் தீட்டுவது, பட்ஜெட் போடுவது, ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பது, கூட்டாளிகளிடம் ‘இந்த மாதம் உங்கள் பங்குக்கு இவ்வளவு கட்டுங்கள்’ என்று பில் அனுப்புவது எல்லாம் அதன் வேலை. இந்த பில்லுக்குத் தொழில் வட்டாரத்தில் ‘கேஷ் கால்’ என்று பெயர்.

கூட்டாளிகளுக்கு இடையே போடப்படும் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு விதிகள் பெரும்பாலும் இருக்கும். ஒன்று, முன்னுரிமை: ஒரு கூட்டாளி தன் பங்கை வெளியாளுக்கு விற்க முன்வந்தால், அதே விலைக்கு அதை எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை மற்ற கூட்டாளிகளுக்கு. இரண்டு, தவணை தவறினால் தண்டனை: கேஷ் கால் கட்டத் தவறியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் தன் பங்கையே இழக்க நேரிடும்.

சங்கோமர் கதை முழுக்க இந்த இரண்டு விதிகளைச் சுற்றியே நடந்தது.

சண்டை எப்படி ஆரம்பித்தது?

2014-ல் செனகல் கடலில் அடுத்தடுத்து இரண்டு கிணறுகளில் எண்ணெய் கிடைத்தது. அப்போது பங்கு நிலவரம் இப்படி: ஸ்காட்லாந்தின் கெய்ர்ன் எனர்ஜி 40 சதவீதம், அமெரிக்காவின் கோனகோபிலிப்ஸ் 35, ஃபார் 15, செனகல் அரசு நிறுவனமான பெட்ரோசென் 10. ஆபரேட்டர் கெய்ர்ன். 2004-ல் ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் மங்களா வயலைக் கண்டுபிடித்து இந்தியாவில் பெயர் பெற்ற அதே கெய்ர்ன்தான்.

கோனகோபிலிப்ஸ் உள்ளே வரும்போதே ஒரு வாய்ப்பையும் சேர்த்து வாங்கியிருந்தது. எண்ணெய் எடுக்கும் கட்டம் வந்தால் தானே ஆபரேட்டர் ஆகலாம் என்பதுதான் அது. ஆனால் ஆழ்கடல் வேலையிலிருந்து விலக முடிவெடுத்த கோனகோபிலிப்ஸ், 2016 ஜூலையில் தன் 35 சதவீதத்தை ஆஸ்திரேலியாவின் வுட்சைடு நிறுவனத்துக்கு 35 கோடி அமெரிக்க டாலருக்கும், அதற்கு மேல் சில கணக்குச் சரிக்கட்டல்களுக்கும் விற்பதாக அறிவித்தது. பங்கோடு சேர்ந்து ஆபரேட்டர் ஆகும் வாய்ப்பும் கை மாறியது.

இங்கேதான் ஃபார் குறுக்கே நின்றது. தங்களுக்கு முன்னுரிமை இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்துவதற்கு முறையான, செல்லுபடியாகும் அறிவிப்பு தரப்படவில்லை என்பது அதன் வாதம். விற்பனையே கேள்விக்குறி என்றால், அதன் வழியாக வரும் ஆபரேட்டர் பதவியும் கேள்விக்குறிதான். 2017 ஜூனில் விவகாரம் சர்வதேச வர்த்தகச் சபையின் நடுவர் மன்றத்துக்குப் போனது.

நடுவர் மன்றம் யோசித்துக்கொண்டிருந்தது, கடலில் வேலை நிற்கவில்லை. 2018 டிசம்பரில் கெய்ர்னிடமிருந்து ஆபரேட்டர் பொறுப்பு வுட்சைடுக்கு மாறியது. 2020 ஜனவரியில் முதல் கட்டத் திட்டத்துக்கு இறுதி ஒப்புதல். செலவு மதிப்பீடு 420 கோடி டாலர். பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஃபார் தோற்றது.

வழக்கில் தோற்றதுதான் வீழ்ச்சிக்குக் காரணமா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. வழக்கைவிடப் பெரிய ஆபத்து ஜனவரி ஒப்புதலில் இருந்தது.

திட்டம் பச்சைக்கொடி காட்டப்பட்டுவிட்டால் பில் வர ஆரம்பித்துவிடும். எண்ணெய் எடுக்கும் பகுதியில் பெட்ரோசென் தன் பங்கை 18 சதவீதமாக உயர்த்திக்கொண்டதால் கெய்ர்ன் 36.44, வுட்சைடு 31.89, ஃபார் 13.67 என்று கணக்கு மாறியது. 420 கோடி டாலரில் 13.67 சதவீதம் என்றால் சுமார் 57 கோடி டாலர். சொந்தமாக ஒரு சொட்டு எண்ணெய்கூட விற்காத, பங்கு விலை சென்ட் கணக்கில் இருக்கும் நிறுவனத்துக்கு இது மலை. பங்குதாரர்களிடம் புதிய பங்குகளை விற்று ஒரு பகுதியும், கடன் வாங்கி மீதியும் திரட்டுவது என்பதுதான் திட்டம்.

அப்புறம் கரோனா வந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. கடன் கொடுக்கவிருந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஜூனில் ஃபார் கேஷ் கால் கட்டவில்லை. ஒப்பந்தப்படி ஆறு மாதக் கெடு ஓட ஆரம்பித்தது. அதற்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் பங்கு பறிபோகலாம், அதுவும் இழப்பீடு இல்லாமல்.

அதே முன்னுரிமை, இந்த முறை எதிர்ப்பக்கம்

2020 ஜூலையில் கெய்ர்ன் தன் பங்கு முழுவதையும் ரஷ்யாவின் லுக்ஆயிலுக்கு 30 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து செய்த செலவும் திரும்பக் கிடைக்கும். பிற்பாடு நிபந்தனைகள் கூடிவந்தால் மேலும் 10 கோடி வரை உண்டு. ஆகஸ்ட் மாதமே வுட்சைடு முன்னுரிமையைப் பயன்படுத்தி, அதே விலைக்கு அந்தப் பங்கைத் தானே எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. இதன் மூலம் அதன் பங்கு 68.33 சதவீதம் ஆனது.

நவம்பரில் ஃபார் ஒரு வாங்குபவரைக் கண்டுபிடித்தது. அது ஓஎன்ஜிசி விதேஷ். விலை 4.5 கோடி டாலர், 2020 தொடக்கத்திலிருந்து செய்த செலவு தனி, எண்ணெய் விலையைப் பொறுத்து பின்னாளில் 5.5 கோடி வரை. டிசம்பர் தொடக்கத்தில் மறுபடியும் வுட்சைடு. அதே விதி, அதே விலை. இந்திய நிறுவனம் வெறுங்கையோடு திரும்பியது.

2017-ல் எந்த உரிமையைக் கேட்டு ஃபார் நடுவர் மன்றப் படி ஏறியதோ, அதே உரிமை 2020-ல் இரண்டு முறை அதன் கண்ணெதிரே பயன்படுத்தப்பட்டது. இரண்டு முறையும் பயன்படுத்தியது வுட்சைடு. காரணம் எளிமையானது: உரிமை தாளில் எல்லோருக்கும் இருந்தது, 30 நாளில் காசை எண்ணி வைக்கும் தெம்பு ஒருவரிடம்தான் இருந்தது என்று சொல்லும் அளவுக்கு நிலைமை சாய்ந்திருந்தது.

முன்னுரிமைக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. வெளியாள் ஒருவர் வயலை ஆராய்ந்து, வழக்கறிஞர் வைத்து, விலை சொல்கிறார். கடைசியில் உள்ளே இருப்பவர் அந்த விலையைக் காட்டி வாங்கிக்கொண்டு போகிறார். இது ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்து வருபவர் தாராளமாக விலை சொல்வாரா? ஏற்கெனவே கெடு நெருக்கும் விற்பவருக்கு இது இரட்டை அடி.

ஒரு சதவீதத்துக்கு எவ்வளவு? மூன்று விற்பனைகள், மூன்று விலைகள்

ஆரம்பகாலப் பங்கு விகிதத்தை வைத்து, பின்னாளில் வரக்கூடிய தொகைகளையும் செலவுத் திருப்பங்களையும் விட்டுவிட்டு, அடிப்படை விலையை மட்டும் வகுத்துப் பார்க்கலாம்.

• 2016, கோனகோபிலிப்ஸ்: 35 சதவீதத்துக்கு 35 கோடி டாலர். ஒரு சதவீதம் 1 கோடி டாலர்.

• 2020 ஜூலை, கெய்ர்ன்: 40 சதவீதத்துக்கு 30 கோடி. ஒரு சதவீதம் 75 லட்சம்.

• 2020 நவம்பர், ஃபார்: 15 சதவீதத்துக்கு 4.5 கோடி. ஒரு சதவீதம் 30 லட்சம்.

முதல் விலைக்கும் இரண்டாவது விலைக்கும் நடுவே எண்ணெய்ச் சந்தை சரிந்தது. அந்த வித்தியாசம் புரிகிறது. ஆனால் கடைசி இரண்டுக்கும் நடுவே நான்கே மாதம்தான். வயல் அதேதான், எண்ணெயும் அதேதான். கெய்ர்னுக்குக் கெடு நெருக்கவில்லை, ஃபாருக்கு நெருக்கியது. பாதிக்கும் கீழே விலை இறங்கியதற்கு இதுதான் முதன்மைக் காரணம்.

விற்ற பணத்தைக் கொண்டு கெய்ர்ன் 2021 ஜனவரியில் தன் பங்குதாரர்களுக்கு 25 கோடி டாலர் சிறப்பு டிவிடெண்ட் கொடுத்தது. ஃபாரின் பங்குதாரர்கள் அதே மாதத்தில் வேறொரு குழப்பத்தில் இருந்தார்கள்.

பங்குதாரர்கள் எதற்காக மோதிக்கொண்டார்கள்?

வுட்சைடுக்கு விற்பதற்கு பங்குதாரர் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். 2021 ஜனவரியில் கூட்டம் நடக்க இருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு ரீமஸ் ஹொரைசன்ஸ் என்ற முதலீட்டு நிதி, ஃபார் நிறுவனத்தையே ஒரு பங்கு 2.1 ஆஸ்திரேலிய சென்ட்டுக்கு வாங்கத் தயார் என்று கடிதம் அனுப்பியது. சந்தை விலையைவிட மிக அதிகம். மொத்தம் சுமார் 21 கோடி ஆஸ்திரேலிய டாலர். கூட்டம் தள்ளிப்போனது. பிப்ரவரியில் லுக்ஆயில் 2.2 சென்ட் என்று வந்தது. மறுபடியும் தள்ளிவைப்பு.

ஏன் வயல் பங்கை விட்டுவிட்டு நிறுவனத்தையே கேட்டார்கள்? பங்கை விற்றால் முன்னுரிமை விதி எழுந்து நிற்கும். நிறுவனத்தின் பங்குகளைச் சந்தையில் வாங்கினால், வயல் பங்கு அதே நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும். பல கூட்டு ஒப்பந்தங்களில் முன்னுரிமை இந்த இடத்தில் செல்லாது. முன்வாசலில் தடுக்கப்பட்ட லுக்ஆயில் பக்கவாசலைப் பார்த்தது.

பங்குதாரர்கள் முன்னே இரண்டு வாதங்கள் இருந்தன.

வேண்டாம் என்பவர்களின் வாதம் இது: கெட்ட நேரத்தில் சொன்ன விலை இது. 2021 பிப்ரவரியில் பிரெண்ட் கச்சா எண்ணெய் 60 டாலரைத் தாண்டிவிட்டது. இன்னும் சில ஆண்டுகளில் எண்ணெய் வரப்போகிறது. பின்னாளில் வரும் தொகைக்கும் 5.5 கோடி என்று உச்சவரம்பு வைத்தாயிற்று. பெரிய கூட்டாளி நெருக்கடியைப் பயன்படுத்தி மலிவாக எடுக்கிறார், நாம் ஏன் ஆமாம் போட வேண்டும்?

சரி என்பவர்களின் வாதம்: வுட்சைடு கொடுப்பது கையெழுத்தான ஒப்பந்தம். ரீமஸும் லுக்ஆயிலும் கொடுத்தது நிபந்தனைகளோடு கூடிய விருப்பம் மட்டுமே. விற்பனையை நிராகரித்த மறுநாள் அவர்கள் வராவிட்டால்? பாக்கி அப்படியே நிற்கும், பங்கு போகும், கையில் ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது வாதத்தை நடப்புகளே நிரூபித்தன. ரீமஸ் உறுதியான விலையோடு வரவில்லை. லுக்ஆயில் பின்வாங்கியது. 2021 ஏப்ரலில் பங்குதாரர்கள் வுட்சைடு விற்பனைக்கு ஒப்புதல் அளித்தார்கள். ஜூலையில் பரிமாற்றம் முடிந்தது. வுட்சைடின் பங்கு 82 சதவீதம், மீதி 18 பெட்ரோசெனுக்கு. ஐந்து ஆண்டு முன்பு நான்கு கூட்டாளிகள் இருந்த கிணற்றில் இப்போது இரண்டே பேர்.

பங்குதாரர்களுக்கு என்ன கிடைத்தது?

அதே ஆண்டு ஃபார் 8 கோடி ஆஸ்திரேலிய டாலரைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. பழைய பங்குக் கணக்கில் பார்த்தால் பங்குக்கு 0.8 சென்ட். 2.2 சென்ட் கனவு கண்டவர்களுக்கு இது ஏமாற்றம்தான். நிறுவனத்திடம் மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதி பக்கத்து நாடான காம்பியாவின் கடலில் தோண்டிய கிணற்றுக்குப் போனது. அங்கே வணிக அளவில் எண்ணெய் கிடைக்கவில்லை.

மிச்சமிருக்கும் ஒரே நூல் அந்த 5.5 கோடி. எண்ணெய் விலை பேரலுக்கு 58 டாலருக்கு மேல் இருந்தால், மேலே இருப்பதில் ஒரு பகுதி ஃபாருக்கு வரும். ஆனால் இதற்கும் கெடு உண்டு: முதல் எண்ணெய் விற்றதிலிருந்து மூன்று ஆண்டு, அல்லது 2027 டிசம்பர் இறுதி, இவற்றில் எது முந்தியோ அதுவரைதான். 2023-ல் வர வேண்டிய எண்ணெய் 2024-ல் வந்தது. ஆகவே திட்டம் எப்போது முடியும் என்பதும் ஃபாருக்குப் பணப் பிரச்சினைதான். ஆனால் அந்த அட்டவணையும் ஆபரேட்டர் கையில்.

இந்தியாவிலும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஆந்திரக் கடலில் ரிலையன்ஸ் இயக்கும் கேஜி-டி6 வயலில் கனடாவின் நிகோ ரிசோர்சஸுக்கு 10 சதவீதம் இருந்தது. ரிலையன்ஸ் 60, பிபி 30. புதிய எரிவாயுத் திட்டங்களுக்கான கேஷ் காலை 2018-ல் நிகோவால் கட்ட முடியவில்லை. நடுவர் மன்றம் போயும் பங்கைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பங்கு மற்ற இருவருக்கும் பிரிந்து, ரிலையன்ஸ் 66.67, பிபி 33.33 என்று ஆனது. ஃபாருக்குக் கிடைத்த அளவுகூட நிகோவுக்குக் கிடைக்கவில்லை.

ராஜஸ்தானில் வேறு மாதிரி. 2010 ஆகஸ்டில் கெய்ர்ன் இந்தியாவை வாங்குவதாக வேதாந்தா அறிவித்தபோது, அந்த வயலில் 30 சதவீதம் வைத்திருந்த ஓஎன்ஜிசி, முழு ராயல்டியையும் தான் மட்டும் சுமப்பதைப் பிரச்சினையாக எழுப்பியது. ராயல்டியைத் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. கெய்ர்ன் இந்தியாவின் லாபத்தைக் குறைக்கும் அந்த நிபந்தனையை 2011 செப்டம்பரில் அதன் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். அங்கே சிறிய பங்கு வைத்திருந்தவர் காரியத்தைச் சாதித்தார். பின்னால் அரசு நின்றதால் அது முடிந்தது. ஃபாருக்குப் பின்னால் யாரும் இல்லை.

கவனிக்க வேண்டியது என்ன?

2021 ஏப்ரல் ஓட்டெடுப்பில் பங்குதாரர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்வது கடினம். கெடு தலைக்கு மேல் தொங்கும்போது கையில் கிடைப்பதை எடுப்பதுதான் அறிவு. அவர்களுக்கு உண்மையான தேர்வு இருந்தது அதற்கு முன்பே, 2020 ஜனவரிக்கு முன்பு. 57 கோடி டாலர் பில்லை எப்படிக் கட்டப்போகிறோம், கடன் வராவிட்டால் என்ன செய்வோம், பங்கில் பாதியை நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிடலாமா என்று கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் நிறுவனத்தின் கவனத்தில் பெரும்பகுதி, ‘எங்களிடம் முறைப்படி கேட்டீர்களா’ என்ற வழக்கில் இருந்தது.

சிறிய எண்ணெய் நிறுவனங்களின் பங்கை வாங்குபவர்கள் வழக்கமாகப் பார்ப்பது இரண்டு எண்கள்: வயலில் எத்தனை கோடி பேரல், அதில் நம் நிறுவனத்துக்கு எத்தனை சதவீதம். சங்கோமர் சொல்வது, இன்னும் மூன்று கேள்விகள் அவற்றுக்கு முன்னே நிற்கின்றன என்பதுதான். ஆபரேட்டர் யார்? அடுத்த கேஷ் கால் எப்போது, எவ்வளவு? கட்டத் தவறினால் எத்தனை மாதத்தில் பங்கு போகும்?

பதில்கள் ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில்தான் இருக்கும். எண்ணெய் கிடைத்த செய்தி முதல் பக்கத்தில் வரும்போது அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.